பத்து மில்லி சிரிஞ்சில் ஈஸ்ட் சுவாசம்

இருபது நிமிடத்தில் 6.2 மி.லி. வாயு. பக்கத்து மேசையில் 5.9, அதற்கடுத்த மேசையில் 6.5. ஈஸ்ட் சர்க்கரையை நொதித்து விடுகிற கார்பன் டை ஆக்ஸைடைப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் மருந்துக்கடை சிரிஞ்சை வைத்து எடுத்த அளவுகள் இவை. மூன்று மேசையிலும் எண்கள் இவ்வளவு கிட்டத்தில் வந்தபிறகுதான் செய்முறையை எழுதி வைக்கலாம் என்ற தைரியம் வந்தது.

பாடப்புத்தகம் இதற்கு கூனே நொதித்தல் குழாயைக் கேட்கிறது. நிமிர்ந்த மூடிய குழாயும் பக்கத்தில் ஒரு குமிழும் கொண்ட கண்ணாடிச் சாமான் அது. ஈஸ்ட் கலந்த சர்க்கரைக் கரைசலை ஊற்றி வைத்தால் மேலே வாயு சேரும், கரைசல் மட்டம் இறங்கும். பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் இருக்கிற எங்கள் பள்ளி ஆய்வகத்தில் அப்படி ஒரே ஒரு குழாய்தான் உண்டு, அதிலும் வளைவில் விரிசல். வகுப்பில் நாற்பதுக்கும் மேல் பிள்ளைகள். ஆசிரியர் முன்னால் நின்று தூக்கிக் காட்ட, பின்பெஞ்சுப் பிள்ளைகள் "தெரியுது மிஸ்" என்று மரியாதைக்குச் சொல்வதுதான் வழக்கம். ஒவ்வொரு மேசையிலும் ஒரு குழாய் இருக்கவேண்டும், அதில் அளவுக்கோடும் இருக்கவேண்டும். தேடியது அவ்வளவுதான்.

தொடங்கியது எல்லோரும் செய்கிற பலூனில்தான். 300 மி.லி. தண்ணீர் பாட்டில் இரண்டு. ஒவ்வொன்றிலும் 100 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்டும். ஒரு டீஸ்பூன் என்பது சுமார் 3 கிராம். ஒரு பாட்டிலில் மட்டும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. இரண்டின் வாயிலும் பலூன். பலூனை மாட்டுவதற்கு முன் நன்றாக ஊதி விட்டுத் தளர்த்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் புது ரப்பரின் இறுக்கத்தை மீறி வாயுவால் அதைத் தூக்க முடியாது.

சர்க்கரை போட்ட பாட்டிலில் பலூன் ஜம்மென்று எழுந்தது. ஆனால் போடாததும் கொஞ்சம் தலை தூக்கியது. "மிஸ், சக்கரை போடாததும் எழுந்துக்கிச்சே!" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. எங்கள் ஆய்வகம் மேல்மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கிறது. பாட்டில்கள் நின்றது ஜன்னலோரம், வெயிலில். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் 28 டிகிரியில் தொடங்கியது 38-க்குப் போயிருக்கிறது. பாட்டிலுக்குள் கரைசலுக்கு மேலே இருக்கும் 200 மி.லி. காற்று பத்து டிகிரி சூடானாலே ஆறேழு மி.லி. விரிந்துவிடும். ஈஸ்ட் எதுவும் செய்யாமலே பலூன் நிமிர அது போதும். இரண்டு பாட்டிலையும் நிழலுக்கு மாற்றிச் செய்தபோது சர்க்கரை இல்லாத பலூன் அப்படியே தொங்கியது.

பலூனில் இன்னொரு தொல்லையும் உண்டு. மாலையில் உப்பலாக இருந்தது மறுநாள் காலை சுருங்கிக் கிடக்கும். கார்பன் டை ஆக்ஸைடு ரப்பரின் வழியே காற்றைவிட வேகமாகக் கசிந்துவிடுகிறது. அளவெடுக்கும் வேலைக்குப் பலூன் சரிப்படாது, சின்ன வகுப்புக்கு வேடிக்கை காட்ட வைத்துக்கொள்ளலாம்.

வந்தது கார்பன் டை ஆக்ஸைடுதான் என்பதைக் காட்டச் சுண்ணாம்பு நீர் வேண்டும். புத்தகத்தில் அந்த வாயுவை உறிஞ்சிக்கொள்ளும் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு வில்லையைப் போடச் சொல்கிறார்கள். கையைப் புண்ணாக்கிவிடும் சாமானை நாற்பது பேருக்கு நடுவில் வைக்க எனக்கு மனமில்லை. வெற்றிலைக் கடையில் வெள்ளைச் சுண்ணாம்பு ஐந்து ரூபாய்க்கு ஒரு பொட்டலம் வாங்கினேன். அரை டீஸ்பூனை ஒரு லிட்டர் தண்ணீரில் குலுக்கி, இரவு முழுவதும் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் பஞ்சில் வடித்தேன். சுண்ணாம்பு ஒரு லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவுக்குத்தான் கரையும், அதனால் அள்ளிப் போட்டுப் பயனில்லை. வடித்த நீரைப் பாட்டிலின் கழுத்துவரை நிரப்பி மூட வேண்டும். பாதி பாட்டிலாக வைத்தால் உள்ளிருக்கும் காற்றே மேலே வெள்ளை ஆடையைக் கட்டிவிடும்.

ஈஸ்ட் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, டிரிப்ஸ் ஏற்றும் குழாயில் ஒரு துண்டைச் செருகி, சுற்றிலும் எம்-சீல் வைத்து அடைத்தோம். எம்-சீல் இறுக ஒரு மணி நேரமாவது விட வேண்டும். குழாயின் மறுமுனை சுண்ணாம்பு நீருக்குள். குமிழ் வரத் தொடங்கிய சில நிமிடங்களில் நீர் பால்போல் ஆனது. அப்படியே விட்டுவிட்டு வேறு மேசைக்குப் போய்த் திரும்பினால் பால் நிறம் வெளுத்துக்கொண்டிருந்தது. வாயு அளவுக்கு மேல் போனால் கால்சியம் கார்பனேட் மறுபடி கரையும் பைகார்பனேட்டாக மாறிவிடும். பால் நிறம் வந்ததும் குழாயை வெளியே எடுத்து எல்லோருக்கும் காட்டிவிடுவது நல்லது.

இனி சிரிஞ்ச். முதலில் நினைத்த முறை வேறு. சிரிஞ்சில் 5 மி.லி. கரைசலை இழுத்து, காற்றை வெளியேற்றி, முனையை அடைத்துவிட்டால் வாயு வரவரப் பிஸ்டன் மேலே நகரும், நாம் படிக்கலாம் என்று. நகரவில்லை. உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. வெகுநேரம் அசையாமல் இருந்துவிட்டு, யாராவது மேசையை இடித்தால் திடீரென்று ஒரு மி.லி. குதிக்கும். தேங்காய் எண்ணெய் தடவினாலும் அதே குதிதான், கொஞ்சம் சின்னதாக.

அதனால் பிஸ்டனை நகரவிடாமல் நிறுத்திவிட்டு, நீரை நகரவிட்டோம். 10 மி.லி. சிரிஞ்சில் முழுக்கக் கரைசலை இழுத்து, பிஸ்டன் 10-ஆம் கோட்டில் நிற்க, முனையைக் கீழ்நோக்கி ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கி நிறுத்த வேண்டும். வாயு மேலே பிஸ்டனுக்கு அடியில் சேரும். அதன் அளவுக்குக் கரைசல் கீழ்முனை வழியாக டம்ளருக்குள் இறங்கும். மட்டம் 8.4-இல் நின்றால் வாயு 1.6 மி.லி. கூனே குழாய் செய்கிற அதே வேலை, கூடவே அளவுக்கோடும் இருக்கிறது. முனையிலிருந்து வெள்ளை நூலாக ஈஸ்ட் இறங்குவதையும், அந்த நூல் குமிழுக்குக் குமிழ் அறுந்து அறுந்து வருவதையும் பிள்ளைகள் கன்னத்தை மேசையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். நிறுத்தி வைக்க ஸ்டாண்ட் தேவையில்லை, டம்ளர் மேல் ஒரு அட்டையை வைத்து அதில் ஓட்டை போட்டுச் செருகினால் நின்றுவிடும்.

ஊசியோடுதான் சிரிஞ்ச் வரும். ஊசிகள் எதையும் வகுப்புக்குள் கொண்டுபோகவில்லை. கடையிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டேன். மருந்துக்கடைக்காரர் ஒரு பார்வை பார்த்தார், பள்ளிப் பெயரைச் சொன்னதும் சரி என்றார்.

கரைசல் அளவு இது: 100 மி.லி. தண்ணீர், 2 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 5 கிராம் சர்க்கரை. தண்ணீர் கேன் தண்ணீர்தான். லாரியில் வந்த மெட்ரோ வாட்டரிலும் செய்து பார்த்தோம், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. திருவொற்றியூரிலிருந்து வரும் ஒரு பையன் வீட்டு போர் தண்ணீரைக் கொண்டுவந்தான், உப்புக் கரித்தது, ஆனாலும் ஈஸ்ட் அசரவில்லை. கடல்நீரில்தான் வேகம் நன்றாகவே குறைந்தது.

ஈஸ்ட் விஷயத்தில் கொஞ்சம் அலைந்தேன். ராயபுரத்தில் ஒரு பேக்கரி மாஸ்டர் ஃபிரெஷ் ஈஸ்டில் ஒரு கட்டியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, "டீச்சர், இத்த வெளிய வெச்சா செத்துடும், நேரா ஃபிரிட்ஜ்ல போட்டுடுங்க" என்றார். அது சாம்பல் கலந்த வெண்ணிறத்தில், விரலில் தேய்த்தால் உதிரும். பெரும்பகுதி தண்ணீர் என்பதால் உலர் ஈஸ்டைப்போல் மூன்று மடங்கு எடுக்க வேண்டும். ஷேர் ஆட்டோவில் வெயிலோடு வந்ததில் அதன் சுறுசுறுப்பு போயிருந்தது, மறுநாள் பாதி வேகம்கூட இல்லை. இன்ஸ்டன்ட் ஈஸ்ட்தான் பள்ளிக்குத் தோது. அதுவும் பிரித்த பாக்கெட்டை ஆய்வக அலமாரியில் விட்டால் ஏப்ரல் வெயிலில் வீணாகிவிடும். நான் மூடி இறுகிய டப்பாவில் போட்டு வீட்டு ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன்.

கலக்கியவுடன் சிரிஞ்சில் இழுத்தால் முதல் பத்துப் பதினைந்து நிமிடம் மட்டம் அசையாது. வாயு வராமல் இல்லை, வருவதெல்லாம் தண்ணீரில் கரைந்துகொண்டிருக்கிறது. முப்பது டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் முக்கால் லிட்டர் அளவு கார்பன் டை ஆக்ஸைடை விழுங்கிவிடும். நாற்பது நிமிடப் பீரியடில் கால்வாசியை இதற்குக் கொடுக்க முடியாது. அதனால் பீரியடுக்குக் கால்மணி நேரம் முன்பே கலக்கி, 38 டிகிரித் தண்ணீரில் வைத்துவிடுவேன். மேலே நுரை கட்டியதும் கரண்டியால் கலக்கி நுரையை அடக்கிவிட்டு சிரிஞ்சில் இழுக்கலாம்.

அப்படிச் செய்ததில் 32 டிகிரி அறை வெப்பத்தில் ஐந்தாம் நிமிடம் 1.1, பத்தாம் நிமிடம் 2.6, பதினைந்தில் 4.3, இருபதில் 6.2. ஆறு மி.லி.க்கு மேல் போனால் அளவை நம்பக்கூடாது. கரைசலோடு சேர்ந்து ஈஸ்டும் டம்ளருக்குள் இறங்கிவிடுகிறது, சிரிஞ்சுக்குள் வேலை செய்ய ஆள் குறைந்துவிடும்.

அப்புறம் வெப்பநிலை. இதற்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டும், சூடு சீக்கிரம் இறங்கக்கூடாது. காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிற வீட்டுப் பெண் ஒருத்தி தெர்மாகோல் பெட்டிகள் கொண்டுவந்தாள். ஐஸும் அவள் உபயம்தான், ஐஸ் கம்பெனிப் பாளத்தை உடைத்த துண்டுகள், சாக்குப்பையில். பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவியும் ஆய்வகம் முழுக்க வஞ்சிரம் வாடை. ஆனால் அந்தப் பெட்டி நாற்பது டிகிரித் தண்ணீரை ஒரு பீரியடுக்குள் இரண்டு டிகிரிக்கு மேல் இறங்கவிடவில்லை. இந்த வேலைக்கு இதைவிட நல்ல சாமானை நான் பார்த்ததில்லை.

நான்கு பெட்டி: 15, 32, 40, 60 டிகிரி. ஒரே கரைசலைப் பிரித்து நான்கிலும் இறக்கினோம். ஐந்தாம் நிமிடத்தில் 60 டிகிரிப் பெட்டியைச் சுற்றி ஒரே சத்தம். 1.8 மி.லி.! நாற்பதில் 1.6, முப்பத்திரண்டில் 1.1, ஐஸ் பெட்டியில் ஒன்றுமே இல்லை. சூடு ஏற ஏற வேகம் என்று நோட்டில் எழுதியே விட்டார்கள். பத்தாம் நிமிடத்தில் நாற்பது டிகிரி 3.9-க்குப் போயிற்று. அறுபது 1.9-இல் நின்றது. பதினைந்திலும் 1.9, இருபதிலும் 1.9.

அறுபது டிகிரிச் சூட்டில் செத்துப்போன ஈஸ்ட் முதல் ஐந்து நிமிடத்தில் மட்டும் எப்படி எல்லோரையும்விட அதிகமாக வாயு விட்டது? கொஞ்ச நேரம் எனக்கே பிடிபடவில்லை. பலூனில் நடந்ததேதான் இங்கேயும் நடந்திருக்கிறது, வேறு வேஷத்தில். முன்கூட்டியே கலக்கி வைத்ததால் கரைசல் முழுக்கக் கார்பன் டை ஆக்ஸைடு கரைந்து நிற்கிறது. அறுபது டிகிரித் தண்ணீரால் அவ்வளவு வாயுவைப் பிடித்துவைக்க முடியாது, 35 டிகிரியில் பிடிப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். மிச்சம் வெளியே வந்துவிடுகிறது. சிரிஞ்ச் காட்டியது சுவாசத்தை அல்ல, சூட்டை.

இதை வாயால் சொன்னபோது பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப சோடாவ ஊத்திப் பாக்கலாம் மிஸ்" என்றான் ஒருவன். எதிரே இருக்கும் பெட்டிக்கடையில் சாதா சோடா வாங்கி, கொஞ்சம் கலக்கிக் குமிழை அடக்கிவிட்டு சிரிஞ்சில் இழுத்து, அறுபது டிகிரிப் பெட்டியில் இறக்கினோம். ஈஸ்ட் துளியும் இல்லை, சர்ரென்று மேலே வாயு சேர்ந்தது. சோடா சிரிஞ்சை இனி எல்லா வகுப்பிலும் வைக்கப்போகிறேன், என் சொந்தச் சரக்கு இல்லை என்றாலும்.

பிறகு ஐஸ் பெட்டியில் இருந்த சிரிஞ்சையும் அறுபதில் இருந்ததையும் எடுத்து நாற்பது டிகிரிப் பெட்டிக்கு மாற்றினோம். ஐஸில் இருந்தது சற்று நேரத்தில் விழித்துக்கொண்டு வாயு விட ஆரம்பித்தது. அறுபதில் இருந்தது பீரியட் முடியும்வரை அசையவில்லை.

சர்க்கரை வகைகளை மாற்றிப் பார்த்தது சுலபமான பகுதி. குளுக்கோஸ், சர்க்கரை, வெல்லம் மூன்றும் முன்னே பின்னே ஒரே வேகம். மைதா கரைசல் மந்தம். பாலில் ஒன்றுமே இல்லை. பால் இனிப்பாகத்தானே இருக்கிறது என்று கேட்டார்கள். அதிலிருப்பது லாக்டோஸ், அதை உடைக்கும் நொதி ரொட்டி ஈஸ்டிடம் கிடையாது. அதே பாலில் ஒரு டீஸ்பூன் சர்க்கரையைப் போட்டதும் நுரைத்தது. கரைசல் மேல் எண்ணெய் ஊற்றிக் காற்றைத் தடுக்கும் வழக்கமும் இருக்கிறதே, ஊற்றியும் ஊற்றாமலும் பாட்டிலில் பார்த்தோம், வித்தியாசம் தெரியவில்லை. சர்க்கரை தாராளமாக இருந்தால் இந்த ஈஸ்ட் ஆக்ஸிஜன் இருக்கும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும்.

அப்படியென்றால் ஆக்ஸிஜனுக்கும் ஈஸ்டுக்கும் உள்ள சம்பந்தத்தை எப்படிக் காட்டுவது? இதற்கு மெத்திலீன் புளூ. கெமிக்கல் கடைக்காக நைனியப்ப நாயக்கன் தெருவரை போகத் தயாராக இருந்தேன். கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் இருக்கின்றன, அங்கே மீனுக்குப் பூஞ்சை மருந்தாக இதே நீலத்தைச் சின்ன பாட்டிலில் விற்கிறார்கள். நாற்பது ரூபாய். லேபிளில் மெத்திலீன் புளூ மட்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், மாலகைட் கிரீனும் ஃபார்மலினும் கலந்த மருந்துகளும் அதே அலமாரியில் இருக்கும்.

சோதனைக் குழாயில் 10 மி.லி. ஈஸ்ட் கரைசல், அதில் நீலம். அதிகம் விட்டால் பீரியட் முடிந்தாலும் நிறம் போகாது. மருந்தைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, குழாய் வெளிர்நீலம் ஆகும்வரை சொட்டுச் சொட்டாக விட்டால் போதும். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் அடியிலிருந்து நீலம் வெளுத்து, மோர் நிறத்துக்கு வந்துவிடும். மேலே காற்று படும் இடத்தில் மட்டும் ஒரு நூல் அளவுக்கு நீல வளையம் நிற்கும். குழாயைக் கட்டைவிரலால் மூடிக் குலுக்கினால் முழுக்க நீலம் திரும்பும், விட்டால் மறுபடி வெளுக்கும். கொதிக்கவைத்த ஈஸ்டில் நீலம் போகவே போகாது. செல்லுக்குள் சர்க்கரையிலிருந்து கழற்றப்படும் ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு சாயம் நிறமிழக்கிறது, ஆக்ஸிஜன் வந்தால் அதைக் கொடுத்துவிட்டு மறுபடி நீலமாகிறது. இவ்வளவு விளக்கம் போதும், குலுக்குவதை அவர்கள் நிறுத்தப்போவதில்லை.

செலவு: சிரிஞ்ச் ஒன்று பத்து ரூபாய் வீதம் பதினாறுக்கு 160. ஈஸ்ட் 60. டிரிப்ஸ் செட் ஒன்று 45. சுண்ணாம்பு 5. பலூன் பாக்கெட் 30. மெத்திலீன் புளூ 40. எம்-சீல் 20. சோடா 15. சர்க்கரையும் வெல்லமும் வீட்டிலிருந்து. மொத்தம் 375 ரூபாய், தெர்மாமீட்டர் ஆய்வகத்தில் இருந்ததே. சிரிஞ்சுகளை உடனே கழுவிக் காயவைத்தால் அடுத்த வகுப்புக்கும் ஆகும். ஈஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டால் முனை அடைத்துவிடும்.

அடுத்த முறை கரைசலை சிரிஞ்சில் வைக்காமல், சின்ன மருந்து பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, டிரிப்ஸ் குழாய் வழியாக வாயுவை மட்டும் தண்ணீர் நிரம்பிய சிரிஞ்சுக்குள் கொண்டுபோகப் பார்க்கிறேன். ஈஸ்ட் வெளியே ஒழுகாது, ஆறு மி.லி.யோடு நிறுத்தவும் வேண்டியதில்லை. சூடான பெட்டிக்குப் போகும் கரைசலை முன்கூட்டிக் கலக்கப்போவதில்லை, அங்கே நேரம் போனாலும் பரவாயில்லை. எந்தப் பாட்டிலையும் மூடி திருகி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகக்கூடாது என்று கரும்பலகை ஓரத்தில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஒரு கிராம் சர்க்கரை முழுதாக நொதித்தால் கால் லிட்டருக்கு மேல் வாயு வரும், 300 மி.லி. பாட்டிலில் இருப்பதோ எட்டு கிராம். ஃபிரெஷ் ஈஸ்ட் மீதியைப் பேக்கரி மாஸ்டர் சொன்னபடி பன் மாவில் போட்டுவிட்டேன், அதற்கு அது போதுமானதாக இருந்தது.